புதிரைப் படிக்காத புதிர்ப் புத்தகங்கள்

போட்டியில் உட்கார்ந்து புதிர் விடுவிப்பவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் சென்ற இருபத்தைந்து வருஷங்களாக வந்துகொண்டிருக்கும் புத்தகங்களையும் படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்ததில் ஏற்பட்ட எரிச்சலைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன். இவை மோசமாக எழுதப்பட்டவை என்பதல்ல என் புகார். பெரும்பாலும் சாமர்த்தியமாகவே எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்கப் பத்திரிகைப் பயிற்சி அப்படி. என் புகார் வேறு. ஒரு கச்சேரியைப் பற்றி முன்னூறு பக்கம் எழுதி, பாடகரின் ஜரிகை அங்கவஸ்திரத்தையும் வெற்றிலைச் செல்லத்தையும் தம்பூராக்காரரோடு அவருக்கு இருந்த மனஸ்தாபத்தையும் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, என்ன ராகம் பாடினார் என்பதை மட்டும் விட்டுவிடுவது மாதிரியான காரியம் இது.

அட்டைகளிலிருந்தே தொடங்கலாம். ஸ்டீஃபன் ஃபாட்ஸிஸ் 2001-ல் ஸ்க்ராபிள் ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதிய ‘வேர்ட் ஃப்ரீக்’ புத்தகத்தின் உபதலைப்பில் மனமுறிவு, வெற்றி, மேதைமை, பித்து என்று நான்கும் வரிசையாக நிற்கின்றன. மார்க் ரொமானோவின் ‘க்ராஸ்வேர்ல்ட்’ (2005), அமெரிக்காவின் குறுக்கெழுத்துப் பித்துக்குள் ஒரு மனிதன் செய்த பயணம். ஏட்ரியன் ராஃபெல் 2020-ல் எழுதியது, குறுக்கெழுத்து இல்லாமல் வாழமாட்டாத விசித்திர மனிதர்களோடு சாகசங்கள். ஏ. ஜே. ஜேகப்ஸின் ‘த பஸ்லர்’ (2022), மறுபடியும் ஒரு மனிதனின் தேடல்; அது குறுக்கெழுத்தில் தொடங்கி வாழ்க்கையின் அர்த்தம் வரைக்கும் போகிறதாம். பித்து, பயணம், சாகசம், தேடல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவுக்குள் போய்த் திரும்பிய பாதிரிமாரும் கர்னல்மாரும் தங்கள் நூல்களுக்குத் தேடிய சொற்கள் இவைதாம். இப்போது ஆப்பிரிக்காவுக்குப் பதில் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டாம்ஃபோர்டு நகரத்து ஹோட்டல் கூடம். அங்கேதான் 1978-ல் வில் ஷார்ட்ஸ் அமெரிக்கக் குறுக்கெழுத்துப் போட்டியைத் தொடங்கினார். இடையில் சில வருஷங்கள் புரூக்ளினுக்குப் போய்விட்டு, 2015-ல் போட்டி அங்கேயே திரும்பி வந்தது.

புத்தகத்தின் நடைமுறையும் ஏறக்குறைய ஒன்றுதான். எழுத்தாளர் போகிறார். கட்டம் போட்ட கழுத்துப்பட்டை கட்டியவர்களைப் பார்க்கிறார். அவர்களில் யாருக்குக் கல்யாணமாகவில்லை, யார் வேலையை விட்டவர், யார் பேசும்போது முகத்தைப் பார்ப்பதில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறார். பிறகு தானும் போட்டியில் சேர்ந்து பின்வரிசையில் ஓர் இடம் பிடிக்கிறார். ஜேகப்ஸ் 2019-ல் ஸ்பெயினின் வயாதோலித் நகரில் நடந்த முதல் உலக ஜிக்ஸா போட்டிக்குத் தன் குடும்பத்தையே அமெரிக்க அணியாகக் கூட்டிப்போனார். வேறு யாரும் மனுப் போடவில்லை, அதனால் இவர்களுக்கு இடம் கிடைத்தது. வேடிக்கையான அத்தியாயம், மறுக்கவில்லை. ஆனால் வேடிக்கை யார் பேரில்? தோற்றவர் ஆசிரியர், சிரிப்புக்கு ஆளானவர் ஜெயித்தவர் என்று முடிகிற ஒரு கணக்கு இந்த வகை எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. நான் தோற்றேன், ஏனென்றால் நான் உங்களைப் போல ஸ்வஸ்தமான மனிதன் என்று அவர் வாசகனின் தோளில் கைபோட்டுக்கொள்கிறார். இந்தத் தோழமையை நான் விரும்பவில்லை.

கூடத்தில் உண்மையில் நடப்பது என்ன? சனிக்கிழமை ஆறு புதிர்கள், ஞாயிறு காலை ஒன்று. பக்கத்திலிருப்பவர் தாளைப் பார்க்காதபடி நடுவில் அட்டைத் தடுப்பு. சரியாக நிரப்பிய ஒவ்வொரு சொல்லுக்கும் 10 புள்ளி. குறித்த நேரத்துக்கு முன்னால் முடித்த ஒவ்வொரு முழு நிமிஷத்துக்கும் 25. கட்டம் முழுவதும் பிழையில்லாமல் இருந்தால் கூடுதலாக 150. இந்த மூன்று எண்களையும் சேர்த்து யோசித்தால் உள்ளே இருக்கும் நாடகம் தெரியும். ஓர் எழுத்து தப்பினால் 150 போயிற்று, அதாவது ஆறு நிமிஷ வேகம் போயிற்று. அது தவிர, அந்த எழுத்து உட்கார்ந்திருக்கும் குறுக்குச் சொல்லும் நெடுக்குச் சொல்லும் போயின. ஆகவே முடித்த கணத்தில் விடுவிப்பவனுக்கு முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது. கையைத் தூக்குவதா, இன்னொரு தரம் கண்ணை ஓட்டுவதா? கண்ணை ஓட்டினால் ஒரு நிமிஷ எல்லையைத் தாண்டிவிடலாம். ஓட்டாவிட்டால் எல்லாம் போகலாம். பாங்க்கில் காஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கணம் பரிச்சயம். கட்டை இன்னொரு தரம் எண்ணுவதா, வரிசையில் நிற்பவரை அனுப்பிவிடுவதா என்பது விரலுக்கும் மனசுக்கும் நடுவே தீர்க்கப்படுகிற விஷயம். அதைப் பற்றி நல்ல எழுத்தாளன் ஒருவன் பத்துப் பக்கம் எழுதலாம். இந்தப் புத்தகங்களில் புள்ளிக் கணக்கு வரும், ஒரு தகவலாக. அடுத்த பத்தியில் யாரோ ஒருவருடைய தொப்பி வந்துவிடும்.

2006-ல் வெளிவந்து நன்றாக ஓடிய ‘வேர்ட்ப்ளே’ படம் 2005 போட்டியைப் பின்தொடர்கிறது. இறுதிச் சுற்றில் மூன்று பேர் மேடையில், பெரிய பலகைகளுக்கு முன்னால், வர்ணனை காதில் விழாமல் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஆல் ஸாண்டர்ஸ் முதலில் முடித்துவிட்டதாக அறிவிக்கிறார். இரண்டு கட்டங்கள் காலி. தெரிந்ததும் ஹெட்போனைத் தரையில் எறிகிறார். இருபது வயது டைலர் ஹின்மன் பட்டம் பெறுகிறார். படம் அந்த முகத்தைப் பிடித்துக்கொள்கிறது, விடமாட்டேன் என்கிறது; பார்த்தவர்கள் எல்லோரும் மனம் உருகினார்கள். நானும்தான் உருகினேன். ஆனால் நான் சற்று முன்பு சொன்ன அந்தக் கேள்வி, தூக்குவதா பார்ப்பதா என்பது, படத்தில் ஒரு சிக்கலாக அதற்கு முன் நிலைநாட்டப்படவே இல்லை. அதனால் ஸாண்டர்ஸுக்கு நேர்ந்தது ஒரு துரதிர்ஷ்டமாக, பாவம் என்று சொல்லத் தக்க ஒன்றாக, சுருங்கிவிட்டது. அந்த மனிதர் எடுத்த ஒரு தீர்மானமாக அது நமக்குத் தெரிவதில்லை.

இதில் ஒரு விநோதம் உண்டு. அந்த இறுதிப் புதிரில் இருந்த சொற்களில் ஒன்று ‘ஸோலாயெஸ்க்’, எமில் ஸோலாவின் பாணியிலான என்று பொருள். ஸோலா 1884-ல் ஆன்ஸான் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைநிறுத்த சமயத்தில் போனார், குழிக்குள் இறங்கினார், குறிப்பெடுத்தார். அடுத்த வருஷம் ‘ஜெர்மினால்’ புத்தகமாயிற்று. ஸோலாவை நான் பெரிய கலைஞராக நினைக்கிறவனல்ல. தட்டுமுட்டுச் சாமான்களின் பட்டியல் அவரிடம் அதிகம். இருந்தும் அதைப் படித்தவனுக்கு, கரி வெட்டுகிறவன் மல்லாந்தும் ஒருக்களித்தும் எப்படி வெட்டுகிறான் என்பது தெரியும். வண்டிக் கணக்கில் கூலி என்பதால், மேல்பாறை விழாமலிருக்க மரமுட்டுக் கொடுக்கும் வேலையை அவசரத்தில் அவர்கள் ஏன் அரைகுறையாக விட்டார்கள் என்பதும், கம்பெனி அதைச் சாக்காக வைத்துக் கூலியை எப்படி மாற்றியமைத்தது என்பதும் தெரியும். வேகமா, பத்திரமா என்ற அதே கேள்வி. அங்கே உயிர் விஷயம், இங்கே கோப்பை விஷயம். ஆனால் வேலையை உள்ளிருந்து தெரிந்துகொண்டு எழுதியதால் ஸோலாவின் மனிதர்கள் விசித்திரப் பிராணிகளாகத் தெரியவில்லை. ஸ்டாம்ஃபோர்டுக்குப் போனவர்கள் ஸோலாயெஸ்க் என்ற சொல்லைக் கட்டத்தில் பார்த்ததோடு சரி.

மற்றொரு வழக்கம், மன்னிப்புக் கேட்பது. புதிர் என்பது வெட்டிவேலை என்று வாசகன் நினைத்துவிடுவானோ என்ற பயம் இவர்களை அரிக்கிறது. உடனே 1942 ஜனவரியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். லண்டன் ‘டெய்லி டெலிகிராஃப்’ தன் அலுவலகத்தில் வைத்த குறுக்கெழுத்துப் பரீட்சை, பன்னிரண்டு நிமிஷக் கெடு, அதில் தேறியவர்களுக்கு ராணுவ இலாகாவிலிருந்து ரகசியக் கடிதம், பிறகு பிளெட்ச்லியில் ஜெர்மன் சங்கேதங்களை உடைக்கும் வேலை. கதை உண்மைதான். ஆனால் அது எதற்காகச் சொல்லப்படுகிறது? பாருங்கள், இந்தப் பைத்தியக்காரத்தனம் ஒரு யுத்தத்தில் உபயோகப்பட்டிருக்கிறது என்று சொல்ல. அந்தப் பரீட்சை எழுதியவர்களில் ஸ்டான்லி செட்ஜ்விக் என்பவர் ஓர் ஆடிட்டர் கம்பெனிக் குமாஸ்தா. ரயிலில் போகவர டெலிகிராஃப் புதிரைப் போட்டுப் பழகியவர். பன்னிரண்டு நிமிஷம் முடிந்தபோது அவருக்கு ஒரு சொல் மீதி. ஆனாலும் கடிதம் அவருக்கும் வந்தது. எனக்கு யுத்தத்தை விட அந்த ஒரு சொல் முக்கியம். ஏன் அது மட்டும் வரவில்லை? வராத சொல் வருவதற்கு முன்னால் மனசில் இருக்கும் நிலை என்ன? கவிதை எழுதிப் பார்த்த எவனுக்கும் அந்த நிலை தெரியும். யுத்தம் இல்லாதபோது மூளை மருத்துவர்கள் சாட்சிக்கு அழைக்கப்படுகிறார்கள்: புதிர் போட்டால் ஞாபகம் தேயாதாம். கவிதை படித்தால் ரத்த அழுத்தம் இறங்கும் என்று யாராவது எழுதினால் நாம் என்ன செய்வோமோ அதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும்.

ஃபாட்ஸிஸுக்கு நியாயம் செய்துவிட வேண்டும். இந்த வகையில் ஆகச் சிறந்தது அவருடையதுதான். காரணம், அவர் வேடிக்கை பார்த்ததோடு நிற்காமல் வருஷக்கணக்கில் உட்கார்ந்து சொற்களை மனனம் செய்து தேர்ந்த ஆட்டக்காரராகவே ஆனார். ஏழெட்டு எழுத்துகளை அகரவரிசைப்படி அடுக்கி, அந்த அர்த்தமற்ற வரிசையை ஒரு முகம் மாதிரி அடையாளம் கண்டு, அதிலிருந்து சொல்லை எழுப்பும் பயிற்சியைப் பற்றி அவர் எழுதிய பக்கங்கள் நல்ல பக்கங்கள். அங்கே எழுத்தும் சொல்லும் பிரிந்து நிற்கும் இடம் தெரிகிறது. ஆனால் அதே புத்தகத்தில்தான், 1997-ன் உலகச் சாம்பியன் தன் வயிற்றுக் கோளாறோடும் அதனால் சக ஆட்டக்காரர்கள் வைத்த பட்டப்பெயரோடும் நமக்கு அறிமுகமாகிறார். பின்னால் வந்தவர்கள் எழுத்து வரிசையை விட்டுவிட்டு வயிற்றை எடுத்துக்கொண்டார்கள். 2004-ல் வந்த ‘வேர்ட் வார்ஸ்’ படம் ஃபாட்ஸிஸ் எழுதிய ஆட்களையே எடுத்துக்கொண்டது, அவர் கற்ற வித்தை அதில் இல்லை. 2020-ல் வந்த ‘த ஸ்பீட் க்யூபர்ஸ்’ பற்றியும் இதுவே. மேக்ஸ் பார்க்கின் ஆட்டிஸம், ஃபெலிக்ஸ் ஸெம்டெக்ஸோடு அவருக்கு உள்ள நட்பு, பெற்றோரின் கண்ணீர். எல்லாம் நெகிழ்ச்சியான விஷயங்கள். மூன்று விநாடிச் சொச்சத்தில் க்யூபை முடிக்கிறவர் (2023-ல் அவர் 3.13 விநாடியில் முடித்தார்) கண்ணால் என்ன பார்க்கிறார்? விரல் ஒரு ஜோடித் துண்டுகளைப் பொருத்திக்கொண்டிருக்கும்போதே கண் அதை விட்டுவிட்டு அடுத்த ஜோடியைத் தேடிப் போய்விடுகிறது. கை செய்வதைக் கண் பார்க்காமலிருப்பதுதான் இதில் சாதனை. படம் முடிந்து வெளியே வருகிறவனிடம் இதைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பான், மேக்ஸின் தாயார் அழுததைச் சொல்வான்.

நண்பர் ஒருவர் சொன்னார், வாசகனுக்கு மனிதர்கள்தான் வேண்டும், கட்டத்தைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று. இது வாரப் பத்திரிகை ஆசிரியர்கள் கவிதையைப் பற்றிச் சொல்கிற வாதம். நானூறு பேருக்கு அச்சடிக்கும் ஒரு பத்திரிகையில் இதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருந்தது.

பதில் இருக்கிறது. ஜார்ஜ் பெரெக் 1976-லிருந்து சாகும் வரை ‘ல புவான்’ வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்து அமைத்துக் கொடுத்தவர். 1979-ல் அவற்றைத் தொகுத்தபோது எழுதிய முன்னுரையில், சொற்களைக் கட்டத்தில் பூட்டுவதும் அவற்றுக்குக் குறிப்பு எழுதுவதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் என்று காட்டுகிறார். முன்னது எறும்பு மாதிரியான வேலை, எழுத்துகளின் கணக்கு, அர்த்தத்துக்கு அங்கே இடமில்லை. பின்னது எதிலும் குறிவைக்காமல் அலையும் மனசின் வேலை. ஒரு புதிர்க்காரனின் குணவிசேஷம் ஒன்றுகூடச் சொல்லாமல் ஒரு பிரக்ஞை முழுவதும் நம் முன்னால் வந்துவிடுகிறது. நபொகோவ் 1970-ல் ஐம்பத்து மூன்று கவிதைகளையும் பதினெட்டுச் சதுரங்கப் புதிர்களையும் ஒரே அட்டைக்குள் வைத்தார், இரண்டுக்கும் நடுவில் மன்னிப்பு எதுவும் கேட்காமல். லண்டன் ‘அப்ஸர்வர்’ பத்திரிகையில் டார்க்கிமாடா என்ற பெயரில் புதிர் அமைத்த எட்வர்ட் பவிஸ் மாதர்ஸ், பில்ஹணனின் ‘சௌரபஞ்சாசிகா’வை 1919-ல் ‘ப்ளாக் மேரிகோல்ட்ஸ்’ என்று ஆங்கிலக் கவிதையாக்கியவர். நம் பழைய மேடைக்கும் சினிமாவுக்கும் பில்ஹணன் அந்நியனல்ல. அவன் ஆங்கிலத்துக்குப் போன வழிகளில் ஒன்று ஒரு குறுக்கெழுத்துக்காரரின் கை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1934-ல் மாதர்ஸ் பக்கங்களைக் கலைத்துப் போட்டு வெளியிட்ட கொலைக்கதைப் புதிர் ‘கேய்ன்ஸ் ஜாபோன்’ 2019-ல் மறுபடி அச்சாகிப் பிரபலமானபோது, பத்திரிகைகள் பக்கங்களைச் சுவரில் ஒட்டிவைத்த இளைஞர்களைப் படம் பிடித்தன. மாதர்ஸின் வாக்கியங்கள் இரண்டு பக்கமும் பார்க்கும் வாக்கியங்கள். அவற்றைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

பிரிட்டிஷ் வகைக் குறுக்கெழுத்தின் குறிப்பு, சிலேடை என்றால் என்ன என்று தெரிந்த நமக்கு ஆச்சரியமல்ல. மேலுக்கு ஒரு வாக்கியம், உள்ளே சொல்லை வெட்டி ஒட்டும் கட்டளை. இரண்டும் ஒரே சொற்களால். லண்டன் ‘டைம்ஸ்’ குறுக்கெழுத்துச் சாம்பியன் பட்டத்தைப் பத்துத் தரம் வென்ற ஜான் ஸைக்ஸ், ‘கன்சைஸ் ஆக்ஸ்ஃபோர்டு’ அகராதியின் ஆறாம் பதிப்பைத் (1976) தொகுத்தவர். பகலில் சொல்லுக்கு நேரான அர்த்தம் எழுதுகிறவர், போட்டியில் அதே சொல்லுக்கு இன்னொருவன் எழுதிய கோணலான அர்த்தத்தை நிமிஷத்தில் நிமிர்த்துகிறார். பாஷையைப் பற்றி எழுத ஆசைப்படும் ஒருவனுக்கு இதற்கு மேல் என்ன வஸ்து வேண்டும்?

இயந்திரத்தின் கதையையும் இப்படித்தான் வீணடித்தார்கள். மாட் கின்ஸ்பெர்க்கின் ‘டாக்டர் ஃபில்’ நிரல் 2012 புரூக்ளின் போட்டியில் 141-வது இடம். 2021-ல், போட்டி இணையத்தில் நடந்த வருஷம், பெர்க்லி ஆய்வாளர்களின் உதவியோடு மனிதர்களில் முதலாக வந்தவரையும் தாண்டியது. மனிதன் தோற்றான் என்று தலைப்புகள். தோற்றதா ஜெயித்ததா என்பதில் எனக்கு ஆர்வமில்லை. 2012-ல் அது ஏன் விழுந்தது? ஒரு புதிரில் விடைகளைப் பின்னாலிருந்து எழுத வேண்டியிருந்தது. புதிர் அமைத்தவன் விதியையே ஒரு பொருளாக்கி விளையாடிய இடத்தில், விதியை மட்டும் தெரிந்த ஒன்று திகைத்து நின்றது. நவீன கவிதைக்கு முன்னால் நம் பண்டிதர்கள் நின்ற நிலை அது.

இவ்வளவு கோபம் எதற்கு, யாரோ அமெரிக்கர்கள், ஏதோ விளையாட்டு என்று கேட்கலாம். எனக்கு இது அந்நிய விஷயமாகப் படவில்லை. உள்முகமான ஒரு காரியத்தைச் செய்கிறவனைப் பற்றி எழுதும்போது, காரியத்தை விட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடமும் வேரோடியிருக்கிறது. பாரதியை யானை தள்ளிய கதை தெரியாத தமிழன் இல்லை. புதுமைப்பித்தனின் வறுமையைப் பற்றிக் கண்ணீர் விட்டு எழுதியவர்களில் எத்தனை பேர் அவருடைய ஒரு வாக்கியம் எங்கே திரும்புகிறது என்று பார்த்தார்கள்? ஆளைப் பற்றி எழுத வேலை தெரிய வேண்டியதில்லை. அதுதான் சௌகரியம்.

இந்தச் சௌகரியத்தை ஒரு மனிதர் ஒழித்துக்கட்டினார். நைஜல் ரிச்சர்ட்ஸ், நியூசிலாந்துக்காரர், மலேசியாவில் குடியிருப்பவர், ஆங்கில ஸ்க்ராபிளில் பல தரம் உலகச் சாம்பியன். பேட்டி கொடுப்பதில்லை. 2015 ஜூலையில் பெல்ஜியத்தில் லுவேன்-லா-நூவ் நகரில் பிரெஞ்சு ஸ்க்ராபிளின் உலகப் பட்டத்தை வென்றார். பிரெஞ்சு பேசத் தெரியாது. பரிசு வாங்கும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. ஒன்பது வாரம் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் என்பதே செய்தி. நிருபர்களுக்குக் கிடைத்தது அவருடைய தாடியும் சைக்கிளும். அதை வைத்துக்கொண்டே எத்தனை பத்தி எழுதினார்கள்!

எழுத இருந்தவை வேறு. பிரெஞ்சுப் போட்டி அகராதியில் அப்போது 3,86,000 சொற்கள். வினைச்சொற்கள் எடுக்கும் ரூபங்கள் எல்லாம் தனித்தனியே அதில் உண்டு. அந்த மொழியில் கே, டபிள்யூ, எக்ஸ், ஒய், இஸட் ஐந்துக்கும் பத்துப் புள்ளி. ஆங்கிலத்தில் டபிள்யூவும் ஒய்யும் நாலுதான். ஆகவே அவர் மனனம் செய்தது பட்டியலை மட்டுமல்ல. இருபது வருஷமாக விரலில் ஊறிய எடைகளை மாற்றிக்கொண்டார். தவிர, பிரெஞ்சுக்காரர்களிடம் செல்வாக்குப் பெற்ற வகை, எல்லோருக்கும் ஒரே எழுத்துகளைக் கொடுத்து அதிர்ஷ்டத்தை நீக்கிவிடும் வகை. இவர் 2015-ல் வென்றது எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆடும் மற்றதில். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் பிரெஞ்சையே ஜெயித்துவிட்டார் என்பது அர்த்தமில்லாத பேச்சு. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கேள்வி: அர்த்தம் தெரியாதவனுக்கு அது சொல்தானா? அந்த மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கு ஒவ்வொரு சொல்லும் அம்மா பேசிய சொல். அவன் ஒரு வினையின் ரூபத்தை வைக்கும்போது அதன் வாசனை வரும், அது அவனைத் தடுக்கவும் செய்யும், இப்படி யாரும் பேசமாட்டார்களே என்று. எதிரே இருப்பவருக்கு வாசனை இல்லை, தடையும் இல்லை. சொல் ஒரு வடிவம் மட்டுமாக, கூழாங்கல் மாதிரி கழுவிச் சுத்தமாக இருக்கிறது. கவிதையில் சொல்லிலிருந்து அர்த்தத்தை உரித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு நூற்றாண்டாகச் சிலர் வாதாடி வந்தார்கள், செய்து காட்ட முடியாமல் திண்டாடினார்கள். ரிச்சர்ட்ஸ் வாதாடவில்லை. அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து ஜெயித்துவிட்டு வந்தார். 2018-ல் மறுபடியும் ஜெயித்தார்.

2024 நவம்பரில் ஸ்பெயினில் கிரனாடாவில் ஸ்பானிஷ் பட்டமும் அவருக்கே. அந்த மொழியில் இரண்டு எழுத்துகள் சேர்ந்து ஒரே வில்லையாக வருவதும் உண்டு. ஒரு சொல்லின் நீளத்தைக் கண் எண்ணும் முறையே அங்கே மாற வேண்டும். இருபத்து நாலு ஆட்டங்களில் ஒன்றில் மட்டும் தோற்றார். செய்திகள் வந்தன. ஸ்பானிஷ் தெரியாது, தாடி, பேட்டி கொடுக்கவில்லை. அவருக்கு எதிரே உட்கார்ந்தவர்களிடமும் நண்பர்களிடமும் கேட்டு, அவர் எப்படிப்பட்டவர் என்று எழுதியிருந்தார்கள். நான் பார்த்த எந்தச் செய்தியிலும் அவர் பலகையில் வைத்த ஒரு சொல்கூட இல்லை.